கறுத்த ஓடும் லாண்டரி அக்காவும்

பேசிக்கொண்டிருக்கும்போதே லாண்டரி அக்காவின் பார்வை நம் முகத்தை விட்டு நழுவிச் சட்டைக் காலருக்கு இறங்கிவிடும். அப்புறம் நாம் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது. நகத்தால் லேசாகச் சுரண்டி, முகர்ந்து பார்த்து, "டீ இல்ல, இருமல் மருந்து" என்பார். இருமல் மருந்துதான். எனக்குக் கோபமாகவும் வரும், சிரிப்பாகவும் வரும். ஒரு துக்க வீட்டில், தன்னைக் கட்டிப்பிடித்து அழுத பெண்ணின் தோளில் கண்மை படிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே கடைக்குக் குடுத்தனுப்பும்மா, ஊறிடும்" என்று காதோடு சொன்னவர் இவர்.

தெருமுனையில் கடை. உள்ளே எப்போதும் நீராவி. முன்னால் மருமகள் துணி வாங்கிப் போட, பின்னால் அக்கா கறையோடு மல்லுக்கட்டுவார். இந்த வருடம் திடீரென்று ஞாயிற்றுக்கிழமைகளில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். ஊருக்கு வெளியே பழங்காலக் குடியிருப்பு ஒன்றைத் தொல்லியல்காரர்கள் தோண்டுகிறார்கள். தன்னார்வலர்கள் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். "ஊரு அழுக்கெல்லாம் பாத்தாச்சு. பழைய காலத்து அழுக்கையும் ஒரு கை பாத்துடலாம்னுதான்" என்றார். "அந்தக் காலத்து ஆளுங்க யாரும் 'எப்பம்மா ரெடியாகும்'னு வந்து நிக்க மாட்டாங்க பாருங்க." என்னையும் விடவில்லை. "வீட்ல உக்காந்து முதுகு வலிக்குதுங்கறதுக்கு, அங்க வந்து குனிஞ்சு வலிக்குதுன்னு சொல்லுங்க."

போனேன். குனிந்தேன். வலித்தது.

குழிக்குள் எங்கள் இருவருக்கும் ஒன்றுமே புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கல் எது, பானை ஓடு எது என்று கடைசிவரை பிடிபடவில்லை. தோண்டலுக்குத் தலைவி ஒரு இளம்பெண், எல்லாருக்கும் மேடம். அக்கா எதையாவது தூக்கிக் காட்டுவார். "கல்லு, அக்கா." இன்னொன்று. "அதுவும் கல்லு." "மேடம், இதே மாதிரி ஒண்ணத்தானே காலைல ஓடுன்னீங்க?" "அது ஓடு. இது கல்லு." அக்கா என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஏதாவது வெளங்குதா?" என்பார். எனக்கென்ன விளங்கும்? நான் பாதி நேரம் அடுத்தவர் காலை மிதித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அக்கா சந்தோஷமாக இருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் ஒருநாள் சொன்னார்: "கல்யாணம் மாமனார் முடிவு பண்ணது. கடை, எங்க வீட்டுக்காரர் முடிவு பண்ணது. இது மட்டும்தான் நானா கெளம்பி வந்தது. இத விட மாட்டேன்."

அதனால்தான் கழுவும் மேசைக்கு ஆள் வேண்டும் என்றதும், கழுவுறதுன்னா என்கிட்ட விடுங்க என்று குதித்துக்கொண்டு போனார். ஓடுகளைத் தண்ணீரில் நனைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைப் போக்கி, வலைத்தட்டில் காயவைக்க வேண்டும். உள்பக்கம் கறுப்பாக இருந்தால் தொடாமல் தனியே எடுத்துவைக்க வேண்டும். மேடம் இதைத் தெளிவாகத்தான் சொன்னார். நானும் கேட்டேன்.

சாயங்காலம் மேடம் வந்தபோது தட்டில் ஓடுகள் பளபளவென்று வரிசையாக இருந்தன. அக்கா கடையிலிருந்து கொண்டுவந்த கறை மருந்து பாட்டில் பக்கத்தில் காலியாக நின்றது. மேடத்தின் முகம் செத்துப்போயிற்று.

"அக்கா, உள்ள கறுப்பா ஒட்டியிருந்ததே?"

"லேசுல விடல மேடம். எடுத்துட்டேன்!"

"எடுத்து எங்க வெச்சீங்க?"

"எங்க வெக்கிறது? தண்ணியோட போயிடுச்சு."

அந்தக் கரியைச் சோதித்தால் அந்தப் பானையில் என்ன சமைத்தார்கள் என்று தெரியும் என மேடம் மெதுவாக விளக்கினார். அக்கா வாயைத் திறந்தபடி கேட்டார். "அப்ப அந்தப் பொம்பள அன்னிக்கு என்ன ஆக்குனாளோ, அத நான் அழிச்சுட்டேனா?" என்றார். கண் கலங்கிவிட்டது. "நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு மேடம். கைக்குத்தான் விழல." மேடம் திட்டவில்லை. அடுத்த வாரம் ஒரு தடவை பார்ப்போம், மறுபடி இப்படி ஆனால் மன்னித்துக்கொள்ளுங்கள், வரவேண்டாம் என்றுதான் சொல்லவேண்டியிருக்கும் என்றார்.

அந்த வாரம் கடையில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். என் வெள்ளைச் சட்டை குழம்புக் கறையோடு அப்படியே திரும்பி வந்தது. "வேணுமா வேண்டாமான்னு கேக்காம எப்படி எடுக்கறது?" என்றார் அக்கா, நிஜமான குழப்பத்தோடு. கல்யாண மாப்பிள்ளை ஒருவரின் கோட்டைத் தூக்கிப் பிடித்து, "இந்த உதட்டுச்சாயம் இருக்கட்டுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் மாமியார் பக்கத்திலேயே நின்றிருந்தாராம். மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணா, நீங்களாவது சொல்லுங்க. அத்தைக்கு என்னவோ ஆயிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மேசை. மேடம் தூரத்துக் குழியில் இருந்தார். அக்கா ஒவ்வொரு ஓட்டையும் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவினார். மூன்றாவது தட்டில் வந்தது அது: உள்ளங்கையளவு ஓடு, உட்புறம் கறுப்பு.

"இது மண்ணா, கரியா?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"ஈர மண்ணும் கறுப்பாத்தானே இருக்கும்? மண்ணா இருந்து கழுவாம விட்டா வேல தெரியலம்பாங்க. கரியா இருந்து கழுவுனா..." பிரஷ் பாதி வழி போய் நின்றது. சட்டென்று பிரஷ்ஷை என் கையில் திணித்தார். "இத வெச்சுக்கோங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க." ஓட்டைக் காய்ந்த துணிமேல் வைத்துவிட்டு, மேடத்தை ஒரு குரல் கூப்பிட்டார். பிறகு தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

மேடம் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். ஓட்டின் கறுப்பின்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. விரட்டுவதற்காகக் குனிந்து உதட்டைக் குவித்த அக்கா, ஊதினால் கரியும் சேர்ந்து போய்விடுமோ என்று பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.