விவரங்கள் விரைவில்

விபத்துச் செய்தி என்றால் இன்றும் என் விரல் தயங்கும்.

புதுக்கோட்டையில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். முன்பு காலையில் நடந்த விபத்தைச் சாயங்காலம்தான் எழுதுவோம். அதற்குள் எல்லா விவரமும் வந்துவிடும். இப்போது பத்திரிகைக்குக் கைபேசிச் செயலி வந்துவிட்டது. மற்ற பத்திரிகைகளுக்கு முன்னால் போட்டாக வேண்டும்.

அன்று காலை திருவரங்குளம் பகுதி நிருபர் போனில் சொன்னார்: “அண்ணே, வல்லத்திராக்கோட்டை பக்கம் பஸ்ஸு ஒண்ணு கவுந்துருச்சாம். அங்கிட்டுத்தான் போறேன்.”

அவர் போய்ச் சேரும்வரை நான் காத்திருக்கவில்லை. ‘வல்லத்திராக்கோட்டை அருகே பேருந்து கவிழ்ந்தது, விவரங்கள் விரைவில்’ என்று தட்டி அனுப்பினேன். முந்திவிட்ட பெருமையில் டீயைக் கையில் எடுத்தேன்.

மனைவி போனில் கூப்பிட்டாள். “என்னங்க, ஒங்க ஆப்புல பஸ்ஸு கவுந்துருச்சுன்னு வந்துருக்கு. எந்தப் பஸ்ஸுங்க? பாப்பா அந்தப் பக்கந்தானே காலேஜுக்குப் போயிருக்கா? போன எடுக்க மாட்டேங்கிறா!”

எழுதியவன் நான். எனக்கே தெரியாது. டீயை அப்படியே மேசையில் வைத்தேன். மகளை அழைத்தேன், மணி அடித்து நின்றது. நிருபரும் எடுக்கவில்லை. நான் அனுப்பிய செய்தியையே திறந்து திறந்து பார்த்தேன், அதில் ஏதாவது இருக்கும் என்பதுபோல.

கடைசியில் நிருபரே கூப்பிட்டார். “ஒர்க்‌ஷாப்புக்குப் போன காலி பஸ்ஸுண்ணே. டிரைவருக்கு லேசான சிராய்ப்புதான்.”

மனைவிக்குச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோதுதான், அலுவலகத் தொலைபேசி அடிப்பது காதில் விழுந்தது. எவ்வளவு நேரமாக அடித்துக்கொண்டிருந்ததோ. எடுத்தேன். யாரோ ஒரு பெண், அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டார்:

“சார், எந்தப் பஸ்ஸுங்க?”