பூர்வீகச் சர்க்கரை

சர்க்கரைக்காரர்களுக்குச் சமைத்து அனுப்பும் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: சாப்பாடு வாயில் வைக்க விளங்காமல் இருந்தால் "நல்ல பத்தியம்" என்பார்கள், கொஞ்சம் ருசியாக இருந்துவிட்டால் "இதுல என்னத்தக் கலந்தீக?" என்று போன் வந்துவிடும்.

நானாக ஆசைப்பட்டு இந்தத் தொழிலுக்கு வரவில்லை. விருதுநகரில் பிறந்து, சிவகாசியில் வாழ்க்கைப்பட்டு, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு, இனிமேலாவது மத்தியானத்தில் காலை நீட்டலாம் என்று இருந்தவள். என் தம்பி சேகர் கெடுத்தான். அவனுக்கு நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனி. எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை. விரலில் ஆரம்பித்து, முழங்காலோடு ஒரு காலை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் செருப்புக் கடைக்குப் போய், ஒற்றைச் செருப்புக்குப் பாதி விலைதான் தருவேன் என்று சண்டை போட்ட மனிதர். அவருடைய சர்க்கரை எனக்கும் வந்தது, சேகருக்கும் வந்தது. நான் வாயைக் கட்டினேன். அவன் வேட்டியைத் தவிர வேறெதையும் கட்டவில்லை.

"மதினி, மாமாவோட கால் கதை இவருக்கும் வந்துருமோன்னு பயமா இருக்கு. நீங்க சாப்பிடுறதையே இவருக்கும் ஒரு கேரியர்ல போட்டு அனுப்புங்க" என்று தம்பி பொண்டாட்டி செல்வி வந்து அழுதாள். அந்த ஒரு கேரியர் பேச்சு ஊருக்குள் பரவியதில், அவன் சம்மதிப்பதற்கு முன்பே நாலு தெருவுக்குக் கேரியர் போக ஆரம்பித்துவிட்டது. வீட்டில் ஒரு சர்க்கரை ஆசாமியை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் போய்க் காராச்சேவு தின்னலாம்.

தீபாவளி கழிச்சு

ஊருக்கெல்லாம் காலண்டர் அச்சடித்துக் கொடுப்பது நாங்கள். ஆனால் எங்களுக்கு வருஷத்தில் இரண்டே காலம்: தீபாவளிக்கு முன்னால், தீபாவளி கழிச்சு. கல்யாணப் பேச்சு, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, கண் ஆபரேஷன் எல்லாம் தீபாவளி கழிச்சுதான். உடம்பும் அந்த வரிசையில் நிற்க வேண்டியதுதான். சேகரிடம் நான் கேரியர் பேச்சை எடுத்தபோது சீசன் உச்சத்தில் இருந்தது. வாசலில் லோடு ஏறுகிறது. அவன் கையில் சாத்தூர் காராச்சேவு. "ஆர்டர் முடியட்டும்க்கா. தீபாவளி கழிச்சு சுத்த பத்தியம்" என்றான்.

தீபாவளி கழிந்தது. கணக்கு முடிக்கணும் என்றான். பொங்கல் வந்துருச்சு என்றான். அதற்குள் அடுத்த சீசனுக்கு முதல் ஆர்டர் வந்துவிட்டது. கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த பொறுமை அத்தோடு தீர்ந்தது. கம்பெனிக்கே போய், வேலை பார்ப்பவர்கள் காதில் விழும்படி கத்தினேன். "தீபாவளி கழிச்சுன்னு சொன்னியே, என்ன ஆச்சு?" அவன் சிரித்தான். பக்கத்தில் நின்ற செல்விதான் பதில் சொன்னாள்: "எந்த தீபாவளின்னு அவரு சொல்லலையே, மதினி."

பரோட்டாவின் நியாயம்

கத்தினதற்குப் பலன் இருந்தது. மறுநாளிலிருந்து சேகருக்கும் கேரியர். அளவாக வரகுச் சோறு, அதைவிடக் கூடுதலாகக் காய், ஒரு கூட்டு, ஒரு முட்டை. அவனுடைய டிரைவர் கருப்பசாமி காலையில் வந்து வாங்கிக்கொண்டு போவார், சாயந்திரம் காலிக் கேரியரைக் கொண்டுவந்து தருவார். வழித்துத் துடைத்த மாதிரி வரும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மற்ற வாடிக்கையாளர்களிடம் "என் தம்பியைப் பாருங்க" என்று சொல்லத் தொடங்கினேன்.

அப்படிச் சொல்லப்பட்டவர்களில் ஒருவர் பட்டாசுக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. லைசென்ஸ் வேலையாக அடிக்கடி சூலக்கரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர். என் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுவார். ஆனால் சூலக்கரைக்குப் போய்வந்த மறுநாளெல்லாம் அவர் சர்க்கரை ராக்கெட் விடும். எனக்குப் புரிந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸ் வரை போனவர் விருதுநகருக்குள் எட்டிப் பார்க்காமல் திரும்புவாரா? எங்கள் ஊரில் பரோட்டாவைக் கல்லில் சுட்டதோடு விடமாட்டார்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்தும் எடுப்பார்கள். "அண்ணாச்சி, நெசத்தச் சொல்லுங்க, எத்தன பரோட்டா?" என்றேன். அவர் என் அறியாமையைப் பார்த்து வருத்தப்பட்டார். "ஏம்மா, படிச்ச பிள்ள நீ. எண்ணெயிலதான பொரிக்கிறாக? சீனிப்பாகுலயா பொரிக்கிறாக?"

இரு வீட்டு விரதம்

வாயைத் திறக்காமல் இருப்பதும் இந்தத் தொழிலில் சேவைதான். ஒரு நாள் ஒரு அம்மா போன் பண்ணி, கேரியரைத் துணிக்கடைப் பைக்குள் வைத்து, வீட்டுப் பின்வாசலில் கொடுக்கச் சொன்னார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால், நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று சம்பந்தம் தட்டிப்போகுமாம். "எங்க வம்சத்துலயே கெடையாதுன்னு சொல்லிவச்சிருக்கோம்." சரி என்றேன். கொஞ்ச நாளில் வேறு தெருவிலிருந்து இன்னொரு அம்மா. அதே துணிக்கடைப் பை, அதே பின்வாசல். இவருக்கு மகன்.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் என்னைத் தனித்தனியாகக் கூப்பிட்டிருந்தார்கள். பந்தியில் எனக்கு எதிரே இரண்டு சம்பந்தியம்மாக்களும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். பாயசம் வந்தது. பெண்ணின் அம்மா இலைக்கு மேல் கையை விரித்து, "இன்னைக்கு விரதம்" என்றார். பையனின் அம்மாவும் கையை விரித்தார், அவருக்கும் விரதம். விரதக்காரர்கள் இரண்டு பேர் இலையிலும் வடை மட்டும் தாராளமாகக் கிடந்தது. நானும் பாயசம் வேண்டாம் என்றபோது, ரகசியத்தை உடைத்துவிட்டதுபோல இருவரும் என்னை முறைத்தார்கள். கை கழுவுகிற இடத்தில் பையனின் அம்மா என் தோளைத் தொட்டுத் திருப்தியாகச் சொன்னார்: "பொண்ணு வீட்டுல நல்ல பக்தி. நமக்கு இந்த மாதிரி எடந்தான் வேணும்."

வெறுங்கால் சட்டம்

பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற அறைகளுக்குள் செருப்போடு போகக் கூடாது. செருப்பில் இருக்கும் ஆணி தரையில் உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும், மிச்சத்தைப் பேப்பரில் படித்துக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் சேகர் படு கறார். முதலாளி என்று தனக்கொரு சட்டம் வைத்துக்கொள்ள மாட்டான். கேட்டிலேயே செருப்பை விட்டுவிட்டு, நாள் முழுக்க வெறுங்காலோடு சுற்றுவான். அத்தனை பேர் உயிருக்கும் பொறுப்பாக இருப்பவன்தான்; தன் உயிர் மட்டும் யாரோ தூரத்துச் சொந்தக்காரன் உயிர் மாதிரி.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், சரக்கு காயவைக்கிற சிமென்ட் மேடையில் நின்று போனில் ஆர்டர் பேசியிருக்கிறான். தோசைக்கல்லில் நிற்கிற மாதிரி. பேசி முடித்துக் காரில் ஏறினான். கால்மிதி ஈரமாக இருப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தியவர் கருப்பசாமிதான். உள்ளங்கால் கொப்புளித்து, உடைந்து, தண்ணீராக ஓடுகிறது. காலுக்குச் சொந்தக்காரனுக்குத் தகவலே இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: காலில் உணர்ச்சி போய்விட்டது, சர்க்கரை இறங்கினால்தான் புண் ஆறும், இறங்காவிட்டால் அப்பா போன வழிதான். "அவ்வளவு சூட்டுல நின்னுருக்கீங்களே, சுடலையா?" என்று டாக்டரம்மா கேட்டார். என் தம்பி சாவகாசமாகச் சொன்னான்: "சுட்டிருந்தா எறங்கியிருப்பேன்ல டாக்டர்."

ரத்தத்தின் மேல் பழி

அதற்குப் பிறகு நான் கேரியரில் வைக்கிற வரகை இன்னும் குறைத்தேன், காயைக் கூட்டினேன். கேரியர் வழக்கம்போல வழித்துத் துடைத்து வந்தது. மாத்திரையும் போகிறது, ஊசியும் போகிறது. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை ஏறியிருக்கிறது. புண் வாயை மூடாமல் கிடக்கிறது. செல்வி தயங்கித் தயங்கிப் போன் பண்ணினாள். "கோவிச்சுக்கிடாதீக மதினி. சாப்பாட்டுல என்னதான் போடுறீக?" போனை வைத்துவிட்டு, என் அடுப்படியில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் நானே சந்தேகத்தோடு முறைத்தேன்.

நேரில் போய் நின்றேன். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு, சேகர் ஞானி மாதிரி பேசினான். "நம்ம ரத்தம் அப்பிடிக்கா. நீ வரகப் போட்டாலும் வைரத்தப் போட்டாலும் அது சீனியாத்தான் மாத்தும்." பள்ளிக்கூடத்தில் பட்டாணிச் செடியை வைத்துப் பரம்பரைப் பாடம் நடத்துவார்கள், நினைவிருக்கிறதா? நான் நெட்டைச் செடி, குட்டைச் செடி என்று படம் வரைந்து பாஸானேன்; இவன் பட்டாணியை வறுத்துத் தின்றவன். அவன் எனக்குப் பரம்பரைப் பாடம் எடுக்கிறான். "ஏலே, நானும் அதே அப்பனுக்குத்தான பொறந்தேன்? என் சர்க்கரை மட்டும் எப்பிடி சொன்ன பேச்சு கேக்குது?" என்றேன். அவன் யோசிக்கக்கூட இல்லை. "நீ அம்மா சாயல்க்கா. நான்தான் அப்பா சாயல்."

உப்பு

அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து அடுப்பு மேடையைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாயந்திரம் கருப்பசாமி காலிக் கேரியரோடு வந்தார். அன்றைக்குத்தான் அவரைக் கவனித்துப் பார்த்தேன். தொப்பை காணாமல் போயிருந்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். "என்ன கருப்பசாமி, எளைச்சிட்டீக?" என்றேன். போன வருஷம் கம்பெனியில் நடந்த முகாமில் தனக்கும் சர்க்கரை எட்டிப் பார்ப்பதாகச் சொன்னார்களாம். இப்போது பார்த்ததில் ஒன்றுமே இல்லையாம். சந்தோஷம் என்றேன். இவ்வளவு பேருக்கு இறங்குகிறது, என் தம்பிக்கு மட்டும் இறங்க மாட்டேன் என்கிறதே என்று புலம்பிக்கொண்டே கேரியரை வாங்கினேன். படி இறங்கப் போனவர், நின்று தலையைச் சொறிந்தார். "தப்பா நெனைக்காதீகக்கா. அந்த வரகுச் சோத்துல மட்டும் ஒரு கல்லு உப்பு கூடப் போட்டா நல்லாருக்கும்."

ரேஷன் குறுணை

உப்பு அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு உட்கார வைத்ததில் எல்லாம் வெளியே வந்தது. முதல் நாளிலிருந்தே மாற்றல்தான். கருப்பசாமி வீட்டுத் தூக்குச்சட்டி முதலாளிக்கு, என் கேரியர் கருப்பசாமிக்கு. "மொதலாளி கேக்கும்போது மாட்டேன்னு எப்பிடிக்கா சொல்ல?" என்றார். ஆக, என் சமையல் பலிக்கத்தான் செய்திருக்கிறது. ஆள்தான் வேறு.

செல்வியிடம் சொன்னால் அழுவாள். சேகரிடம் சொன்னால் சிரிப்பான். ஆகவே நான் கருப்பசாமியின் ஊரான ஆனைக்குட்டத்துக்குப் போய், அவர் மனைவி பொன்னுத்தாயைப் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற பொம்பளை. ஊர் அணையில் தண்ணீர் கிடந்தால் மீன் குழம்பு, வற்றிவிட்டால் கருவாட்டுக் குழம்பு, ஊரே மணக்கும். சட்டி நக்கிய மாதிரி திரும்பி வருவதைப் பார்த்து, புருஷனுக்குத் தன் சமையல் மேல் இத்தனை வருஷம் கழித்து ஆசை வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் உலை மூடியைத் தரையில் எறிந்தாள். "எம்புட்டுப் பெருமையா இருந்தேன். ஏங்கிட்டயும் வாயத் தொறக்கலையே இந்த மனுசன்."

கோபம் தணிந்ததும் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். அடுத்தவன் சோறு என்றால்தானே என் தம்பிக்குத் தொண்டையில் இறங்குகிறது? அடுத்தவன் சோறாகவே போகட்டும். வரகரிசியை அளந்து நான் கொடுத்தேன். பொன்னுத்தாய் அதை வடித்து, எண்ணெயைக் குறைத்து, கத்தரிக்காயையும் மொச்சையையும் அள்ளிப்போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் அனுப்பினாள். சோறு ஏன் இத்தனை பொடியாக இருக்கிறது என்று கேட்டால், ரேஷனில் இந்த மாதம் குறுணைதான் போட்டாக என்று சொல்லச் சொல்லிக் கருப்பசாமிக்குப் பாடம் நடத்தினோம். ரேஷன் அரிசியை என் தம்பி கண்ணால் பார்த்திருந்தால்தானே? என் கேரியர் வழக்கம்போல அவருக்கே என்றதில் கருப்பசாமிக்குத்தான் வருத்தம். "அப்ப எனக்கு நெல்லுச்சோறு என்னைக்கு?" என்றவரைப் பொன்னுத்தாய் பார்த்த பார்வையில், தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புண் ஆறிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருகிறது. விரல்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன அன்று செல்வி கோயிலுக்குப் போனாள். சேகர், மிருதுவான புதுச் செருப்பு போட்ட காலோடு என் வீட்டுக்கு வந்தான். மருந்து அறைக்குள் இப்போது மேஸ்திரிதான் போகிறாராம். இவன் வாசலோடு சரி. வந்து உட்கார்ந்து, வம்சம் கிம்சம் எல்லாம் சும்மா, எல்லாம் சாப்பிடுகிற சாப்பாட்டில்தான் இருக்கிறது என்று எனக்கே பிரசங்கம் பண்ணினான். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, என் மனம் நோகக் கூடாதே என்ற அக்கறையோடு சொன்னான்: "கருப்பசாமி வீட்டு ரேஷன் அரிசிலதான்க்கா எறங்கியிருக்கு. ஒன் கேரியர நிப்பாட்டிரு."

அப்பா விட்டுப்போனதில், வம்பு வழக்கில்லாமல் எங்கள் இருவருக்கும் சரிசமமாகப் பிரிந்த சொத்து சர்க்கரை ஒன்றுதான். மிச்சமெல்லாம் அவரவர் வாய் சம்பாதித்தது.