வெளியே போன ரேட்

போன வாரம் துறைமுகச் சாலையில் ஒரு சரக்கு நிறுவனத்துக்குப் போக வேண்டியிருந்தது. என் தங்கை மகளுக்கு அங்கே வேலை. வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை அவளிடம் கொடுக்கப் போனேன். வாசலிலேயே என் செல்போனை வாங்கி, கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, முகத்தைப் படம் பிடித்து, கழுத்தில் அட்டை மாட்டிவிட்டு, "உள்ள போகக்கூடாது சார், இங்கனயே இருங்க" என்றார்கள். உள்ளே விடாத ஆளுக்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று விளங்காமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு மெஷின் காகிதங்களைச் சேமியா மாதிரி கிழித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த சூடான காகித வாசனை என்னை நேராகக் காதர் பாயின் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய்விட்டது.

அந்தக் கடைக்கு மேல் மாடியில்தான் நான் முதன்முதலில் வேலை பார்த்தேன். கப்பல் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஏஜென்சி அது. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். உடன்குடிப் பக்கத்துக்காரர். நானோ ஸ்ரீவைகுண்டம் பக்கம், வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவன். கப்பலின் சரக்குப் பட்டியலை 'மேனிஃபெஸ்ட்' என்று யாரோ சொன்னபோது ஏதோ காய்ச்சல் என்று நினைத்துப் பதறியவன்.

ஆபீசில் கதவைச் சாத்தும் வழக்கமே இல்லை. சாத்தினால் வெந்துபோவோம். கடற்காற்று ஒரு பக்கம் நுழைந்து, மேசையில் இருப்பதை அள்ளிக்கொண்டு மறுபக்கம் தெருவில் போடும். போகிறவர் வருகிறவர் எடுத்து, வாசித்துப் பார்த்து, மாடியேறி வந்து கொடுப்பார்கள். "உங்க பேப்பராய்யா? உரத்துக்கு நல்ல ரேட்டுதான் கேட்டிருக்கிய" என்று பாராட்டிவிட்டுப் போனவரும் உண்டு. அண்ணாச்சி இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். 'கான்ஃபிடென்ஷியல்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து, சிவப்பு மையில் குத்த ஆரம்பித்தார். அதிலிருந்து எங்களுக்கு வசதியாகிவிட்டது. எதை முதலில் எடுத்து வாசிக்க வேண்டும் என்பதில் சந்தேகமே வராது.

எங்கள் டைப்பிஸ்ட் ஜெசிந்தா, புன்னைக்காயலிலிருந்து பஸ்ஸில் வருவாள். பேச்சு குறைவு. விரல் மட்டும் மழை மாதிரி பொழியும். ஒரு பெரிய தொழிற்சாலையின் சரக்குகளைக் கையாள டெண்டர் வந்தபோது, எங்கள் ரேட்டை அவள்தான் டைப் செய்தாள். காதர் பாய் கடையில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, கவரை அரக்கு வைத்து ஒட்டி அனுப்பினோம். திறந்தபோது போட்டி கம்பெனிக்காரன் எங்களைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தான். காண்டிராக்ட் போய்விட்டது.

அந்தக் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவன் ஜெசிந்தாவின் மாமா மகன் பிராங்க்ளின். அது போதுமானதாக இருந்தது. அண்ணாச்சி அவளை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார்.

"ஏளா, உள்ளதைச் சொல்லிரு. ரேட்டை அவன்கிட்ட சொன்னியா?"

ஜெசிந்தா எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"இந்த ஆபீஸ்ல எதையாவது பூட்டி வச்சிருக்கியளா அண்ணாச்சி? பூட்டியிருந்தாத்தானே திறந்தது யாருன்னு கேக்கணும்?"

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். தட்டச்சு மெஷினில் பாதி டைப் செய்த தாள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவள் கேட்டது அண்ணாச்சியைக் குடைந்திருக்க வேண்டும். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ரேட் அடித்த தாள் போன வழியிலேயே விசாரிக்கக் கிளம்பினார். காதர் பாய், "ஒரு காப்பி கறுப்பா விழுந்திச்சு முதலாளி, கீழ போட்டேன். யாரு எடுத்தான்னு தெரியாது" என்றார். எதிரே இருந்த டீக்கடைக்காரர் எங்கள் ரேட்டைப் பைசா சுத்தமாகச் சொன்னார். அது எப்படித் தெரியும் என்று அண்ணாச்சி மலைத்துப்போய்க் கேட்டார்.

"நீங்கதான அண்ணாச்சி மெட்ராஸுக்குப் போன்ல சத்தம்போட்டுச் சொன்னிய? லைன் சரியில்லன்னு திரும்பத் திரும்ப வேற சொன்னிய."

அண்ணாச்சி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டீ ஆறிப்போனது. ஊருக்கே தெரிந்த ரகசியத்தில் யாரைப் பிடிப்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமை மக்ரூன் பொட்டலத்தோடு புன்னைக்காயலுக்குப் போனோம். கோயிலுக்குப் பின்னால் வீடு. ஜெசிந்தாவின் அம்மா நாற்காலியை எடுத்துப்போட்டார்.

"மனசுல வச்சுக்காதம்மா. நாளைக்கு வேலைக்கு வந்திரு" என்றார் அண்ணாச்சி.

"யாரு சொன்னதுன்னு தெரிஞ்சிட்டா?"

"தெரியலம்மா."

"அப்போ நான் சொல்லலைன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

அண்ணாச்சி பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "அதுவும் தெரியலம்மா. ஆனாலும் நீ வரணும்" என்றார்.

"தெரிஞ்ச பெறவு வாரேன்" என்றாள் ஜெசிந்தா. கோபமாகச் சொல்லவில்லை. எங்களுக்குக் காப்பியும் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

பிறகொரு நாள் கஸ்டம்ஸ் கேன்டீனில் பிராங்க்ளினிடம் நானே கேட்டேன். அவன் சிரித்தான். "உங்க ரேட்டு எங்களுக்கு மூணு விதமா வந்திச்சு மக்கா. எதை நம்ப? எங்க முதலாளி எல்லாத்தையும் தூரப் போட்டுட்டு அவரு இஷ்டத்துக்கு ஒண்ணு எழுதுனாரு." ஓடிவந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். தெளிவார் என்று நினைத்தால், இன்னும் குழம்பிப்போனார். "ஏலே, அவன் சொல்லுதது நிசமா? இல்ல, அந்தப் பிள்ளையைக் காப்பாத்தச் சொல்லுதானா?" என்றார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது.

ஜெசிந்தா திரும்பி வரவில்லை. ஒரு கான்வென்ட் பள்ளி ஆபீசில் சேர்ந்தாள், பிறகு கல்யாணமாகி வெளியூர் போனாள் என்று கேள்வி. அண்ணாச்சி அதற்கப்புறம் வேறு டைப்பிஸ்ட் யாரையும் எடுக்கவில்லை. கடிதங்களை ஒற்றை விரலால் நான் தட்டித் தட்டி அடித்தேன். அவர் பிழையைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்.

அண்ணாச்சி இப்போது இல்லை. காதர் பாய் இல்லை. கட்டடத்தை இடித்துவிட்டு, கண்ணாடி போட்ட செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள். தங்கை மகளிடம் மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அந்த வழியாக வந்தேன். பக்கத்துக் கடைக்காரரிடம், இங்கே மாடியில் ஒரு ஏஜென்சி இருந்ததே, தெரியுமா என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "இங்க மாடியே கிடையாதே சார். வேற தெருவா இருக்கும்" என்றார். இதே தெருதானா என்று எனக்கே சந்தேகம் வந்து, தெருவின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.