பதினேழு கைநாட்டு

அந்த மனுவில் இருந்த பதினேழு கைநாட்டும் என்னுடையவை. காதர் பாய் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்!

இதை உங்களிடம் சொல்வதால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனராகவும் ஓட்டலில் மாவாட்டுகிறவனாகவும் பல ஊர் சுற்றி, அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தேன். ரயில் நிலையத்துக்கு மேற்கே பூட்டும் குடையும் பழுதுபார்த்த காதர் பாய் வேலை கொடுத்தார். சாப்பாடு உண்டு, படுக்கக் கடைப் பலகை உண்டு. அது போதும்.

அந்த வரிசை முழுக்கச் சின்னக் கடைகள். அவற்றின் முன்னால் சாக்கு விரித்துக் கீரை, பூ, கருவாடு விற்கும் பெண்கள் பதினேழு பேர். பட்டணத்து முதலாளி ஒருவர் அந்த இடத்தைக் கேட்டார். உப்பிலிருந்து பட்டுப்புடவை வரை எல்லாம் விற்கும் மாடிக்கடை கட்டப்போகிறாராம். எங்களை அகற்றக் கூடாது என்று பாய் சொல்லச் சொல்ல மனுவை நான் எழுதினேன். கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பெண்கள் கைநாட்டு வைக்க வேண்டும். அவர்களோ மழையால் இரண்டு நாளாக வரவில்லை. மறுநாள் காலை விசாரணை.

அந்தப் பெண்கள் எல்லோருக்கும் படப்பைப் பக்கம் வீடு. பாய் மைப்பெட்டியைக் கையில் கொடுத்தார்.

"வூடு வூடா போய் வாங்கிகினு வாடா. ஒருத்தியக்கூட வுட்றாத."

சாலையில் பழைய சிநேகிதனின் லாரி நின்றது. "காஞ்சிபுரம் போறேன் மச்சான், ஏறு. காலைல கொண்டாந்து வுட்டுர்றேன்" என்றான். ஏறினேன்... ஒரே ஊரில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும்.

லாரி படப்பை வழியாகத்தான் போனது! கீரைக்காரக் கன்னியம்மாளின் வீடு சாலையோரம்தான். நான் இறங்கவில்லை. முழங்கால்மேல் மனுவை விரித்து, என் இடது கட்டைவிரலைப் பதினேழு முறை அழுத்தினேன். படிக்காத பெண்களின் ரேகையை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? அப்படித்தான் நினைத்தேன். என்ன புத்தி!

மறுநாள் விசாரணையில் அதிகாரி உற்றுப் பார்த்தார். மனுவைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்.

"இன்னா பாய், கீரக்காரம்மா, பூக்காரம்மா எல்லாருக்கும் ஒரே எடத்துலயா வெட்டுப்பட்டுது?"

ஒவ்வொரு ரேகையின் குறுக்கேயும் ஒரே சாய்ந்த கோடு. சாவி அராவும்போது என் விரலில் விழுந்த வெட்டு. அதில் காப்பித்தூளை அப்பித் துணி சுற்றியவர் பாய்தான்.

பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்...

"தப்பு என்னோடது சார். அந்தப் பொம்பளைங்கள ஒரு தபா நேர்ல கூப்ட்டுக் கேளுங்க" என்றார்.

கேட்கவில்லை. போலி மனு என்று தள்ளிவிட்டார்கள்.

மழை விட்டதும் கன்னியம்மாள் கடை வாசலில் வந்து நின்றாள்.

"எங்க பேர்ல நீயே நாட்டு வச்சியாமே பாய்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா பத்து வெரலையும் வச்சிருப்பேனே! உன்னால போச்சு எம் பொயப்பு!"

பாய் கையிலிருந்த பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் இரண்டடி தள்ளிக் குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். 'நான்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களே சொல்லுங்கள்... ஒரு மூச்சு? அந்த மூச்சு எனக்கு வரவில்லை.

சரியான மனு போயிருந்தாலும் முதலாளிதான் ஜெயித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. இருக்கலாம். பதினேழு பெண்களும் அங்கே நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? இனி யாருக்கும் தெரியாது. அப்படித் தெரியாமலே போகச் செய்தவன் நான்.

கடைகளை இடிப்பதற்கு முதல் நாள், பாயிடம் சொல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பினேன். பேருந்து படப்பையில் நின்றது. வெறும் சாக்கை மடித்து அக்குளில் இடுக்கியபடி கன்னியம்மாள் ஜன்னலருகே வந்தாள்.

"பாய் கட தம்பிதானே? சாப்ட்டியா? எங்க போனாலும் நல்லாயிரு. அந்த பாய் மாதிரி மட்டும் ஆயிடாத."

தலையாட்டினேன்.

நடத்துனர் விசில் கொடுத்தார். அன்றும் நான் இறங்கவில்லை.