சாதனை அணியில் நான்

எண்பதுகளில் அமெரிக்காவை ஆண்ட ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கப்போகிற சமயம். அவருடைய எட்டு வருட ஆட்சி சாதனையா, சோதனையா என்று காளவாசலில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். எந்த ஊர் விவகாரமானாலும் தீர்ப்புச் சொல்லாவிட்டால் மதுரைக்காரர்களுக்குத் தூக்கம் வராது. நான் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறவள். அந்த ஆட்சியைப் பற்றி என்னைவிட விவரமாகப் பேச ஊரில் ஆளில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எனக்குச் சாதனை அணி கிடைத்தது.

முன்வரிசையில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மில் தொழிலாளி, சங்கத்துக்காரர். அவர்கள் மில்லில் அப்போது ஸ்டிரைக். திங்கட்கிழமைக்குள் மன்னிப்பு எழுதிக் கொடுக்காதவர்களுக்கு வேலை கிடையாது என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அன்று சனிக்கிழமை.

வெளியுறவில் வெளுத்து வாங்கினேன். ரஷ்யாவைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்தான் கடைசியில் அதே ரஷ்யாவோடு உட்கார்ந்து ஏவுகணைகளை ஒழிக்கக் கையெழுத்துப் போட்டார் என்றேன். நல்ல கைதட்டல். உள்நாட்டில் வரியைக் குறைத்தார், விலைவாசி அடங்கியது. கடன் ஏறியதை மட்டும் வேகமாகச் சொல்லித் தாண்டிவிட்டேன்.

எதிரணியில் ஒரு வங்கி குமாஸ்தா எழுந்தார்.

"ஸ்டிரைக் பண்ணுன விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்கள ஒரே உத்தரவுல வீட்டுக்கு அனுப்புனாரே, அதுவும் சாதனையா? அந்த அம்மாவோட அண்ணனே முன்னாடி உக்காந்திருக்காரு. அவரப் பாத்துச் சொல்லட்டும்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. "அந்த ஊழியர்கள் இல்லாமலே விமானங்கள் பறந்தன, ஜனாதிபதி ஜெயித்தார்" என்றேன். "ஆனால் ஆட்களைக் கூண்டோடு நீக்குவதில் முதலாளிகளுக்கு இருந்த கூச்சம் அன்றோடு போயிற்று. அது எங்கள் ஊர் மில் கேட் வரைக்கும் வந்திருக்கிறது. வெளியே சாதனை, உள்ளே சோதனை. இதற்கு மேல் என் அணிக்காகப் பேச மாட்டேன்."

நடுவர் அதையே பிடித்துக்கொண்டு சோதனைதான் என்று தீர்ப்புச் சொன்னார். என் அணியினர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணனுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு நடந்து போகும்போது பாதி வழியில் கேட்டார்.

"என்னத்தா இப்பிடிப் பண்ணிட்ட?"

"உங்களுக்காகத்தாண்ணே பேசுனேன்."

"எனக்காகவா உன்னையப் பேசக் கூப்பிட்டாக? ஒரு பக்கம் நிக்கிறேன்னு ஒத்துக்கிட்டா கடைசி வரைக்கும் நிக்கணும். பாதியில அந்தப் பக்கம் போறவனுக்கு எங்க சங்கத்துல கருங்காலின்னு பேரு."

"உண்மையைச் சொல்ல வேண்டாமா?"

"பட்டிமன்றத்துல எதுக்கு அம்புட்டு உண்மை?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் மதிப்பீட்டில் ஒரு வார்த்தையைக்கூட இன்றும் மாற்ற மாட்டேன்.

திங்கட்கிழமை காலை அண்ணி சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தார். அண்ணன் தூக்கை மட்டும் எடுத்துக்கொண்டார். "வாரேன்" என்று சொல்லிவிட்டு, மில் கேட்டுக்கு எதிரே போட்டிருந்த சங்கப் பந்தலுக்குப் போனார். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

வேலை போய்விட்டது என்ற செய்தியோடு சாயங்காலம் திரும்பி வந்தார். கை கால் கழுவிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஒன் அணிக்காரவுக ஒன்கிட்டப் பேசுறாகளாத்தா?"