எட்டு மணி என்று எழுதிய லேபிள்

ஐம்பதுகளின் நடுவில் ஹட்டனுக்குச் சற்று முன்னால் இருந்த ஒரு சின்ன ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காகச் சேர்ந்தேன். ரயில் போய்விட்டால் சுற்றிலும் தேயிலைதான். ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களவர், நல்ல மனிதர், ஆனால் வேலை தவிர வேறு பேச்சில்லை. நாள் முழுக்க வாயைத் திறக்காமலே பொழுது போன நாட்கள் உண்டு.

சனிக்கிழமை விடியற்காலை மெயிலில் கொழும்பிலிருந்து ஒரு பிரம்புக் கூடை வரும். உள்ளே ஒரே ஒரு புறா. "எட்டு மணிக்குத் திறந்து விடவும். விட்ட நேரத்தை எழுதி வெறுங்கூடையைத் திருப்பி அனுப்பவும்" என்று லேபிளில் இருக்கும். திறந்ததும் புறா கொழும்பிலுள்ள தன் கூட்டுக்கே பறந்துவிடும். அனுப்புகிறவர் கொட்டாஞ்சேனைத் தையல்காரர் சவரிமுத்து. வேறு வேலை இல்லாத மனிதர் என்று சிரித்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சாம்பல் நிறப் பொட்டை, வலது இறக்கையில் ஒரு வெள்ளை இறகோடு, வாராவாரம் வந்தது. எட்டு மணி வரை எனக்குப் பேச்சுத்துணை அதுதான். வீட்டு நினைப்பு, தனிச் சமையல் எல்லாவற்றையும் அதனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை பனி. கைகாட்டி மரமே தெரியவில்லை. இந்த மூட்டத்தில் எப்படி விடுவது? ஒன்பதரைக்கு வெளுத்த பிறகுதான் திறந்தேன். பிந்தியதை எழுதினால் புகார் வருமோ என்று பயந்து, லேபிளில் எட்டு என்றே எழுதினேன்.

அதற்குப் பிறகு கூடை வரவில்லை. மூன்று வாரம் பொறுத்தேன். பிறகு லீவு போட்டு, பாஸ் எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

தையல் கடையின் மொட்டை மாடியில் நாலு பேர் கையில் கடிகாரத்தோடு வானத்தைப் பார்த்து நின்றார்கள். ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் புறாவின் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். நான் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்தது அங்கே பூசைபோல நடந்தது.

ஸ்டேஷன் பெயரைச் சொன்னதும் சவரிமுத்து நாற்காலி இழுத்துப் போட்டார்.

"நீங்கதானா? ஒங்க கையெழுத்து இங்க எல்லாருக்கும் தெரியுங்க."

சுவரில் ஒரு கம்பி. அதில் என் லேபிள்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. மலையில் யாருக்கும் தெரியாத என்னை இத்தனை பேர் வாராவாரம் படித்திருக்கிறார்கள்.

"வெள்ள எறகுக்காரி எங்கங்க?" என்று கேட்டேன்.

"அதுவா? கடைசியா ஒண்ணரை மணி நேரம் பிந்தி வந்துச்சு. வழியில எறங்கி மேயுற பழக்கம் வந்தா பந்தயத்துக்கு ஆகாது. கறியாக்கிட்டோம். இப்ப வேற ஒண்ணக் கிட்டத்துல விட்டுப் பழக்குறோம்."

உண்மையைச் சொன்னேன். சவரிமுத்து அந்த லேபிளை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"பனின்னு ஒரு சொல்லு எழுதியிருந்தா போதுமே தம்பி."

"மத்த நேரமெல்லாம் சரிதாங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு கம்பியிலிருந்த மற்ற லேபிள்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

அந்த ஸ்டேஷனில் இன்னும் நாலு வருடம் இருந்தேன். கூடை வரவே இல்லை. நான் பிந்தினால் பிந்தினேன் என்றே எழுதினேன். அதற்காக விளக்கக் கடிதம் கொடுத்தது பல தடவை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: நாம் எழுதும் நேரத்தை எங்கோ யாரோ நம்புகிறார்கள். இதை நான் தெரிந்துகொண்டபோது, என்னை நம்பக் கொட்டாஞ்சேனையில் ஆளில்லாமல் போயிற்று.