பிள்ளைக்குக் காட்டிய புகை

மகள் பிறந்தது பொருளாதாரத் தடை இறுகியிருந்த நாட்களில். சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை, அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். பிள்ளையை முழுகவார்த்துச் சாம்பிராணிப் புகை காட்ட வழியில்லை என்றதைத்தான் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. தலையீரம் இறங்கிச் சளி கட்டிவிடும் என்று என் கணவரைக் காலையும் மாலையும் அரித்தெடுத்தார். அம்மாவின் முழங்கால் நோவுக்கும் சாம்பிராணியைத்தான் நல்லெண்ணெயில் காய்ச்சிப் பூசுவோம். நுளம்புக்கடிக்கும் அந்தப் புகைதான்.

அச்சுவேலிச் சந்தையடியில் மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்தவர் எங்களுக்குப் பழக்கம். பொம்மர் விமானம் வந்து போட்ட குண்டுகளில் அவருடைய கடைக் கூரை உள்ளே விழுந்துவிட்டது. தெருவில் குண்டு வெடித்த அதிர்வில் விழுந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மறுநாள் சிதறிய சரக்கைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த மனிதர், என் கணவரைக் கண்டதும் சாம்பிராணி என்று மஞ்சள் கட்டிகளையும் தூளையும் ஒரு கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்தாராம்.

"பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தான் குடுக்கிறன். வெளியிலை சொல்லாதேங்கோ."

இவர் தங்கம் கொண்டுவந்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். நான் பையை மணந்து பார்த்தேன். அசல் சாம்பிராணி மணம்.

அடுத்த நாள் காலை அம்மா பிள்ளையை முழுகவார்த்து, துவாயால் ஒற்றி எடுத்தார். நான் தூபக்காலில் சிரட்டைக் கரியை ஊதி, தூளைத் தூவினேன். வெள்ளைப் புகை எழுந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு அந்த மணம்! சந்தோசத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா பிள்ளையைப் புகைக்கு மேலே பிடித்தார்.

"தலை இன்னும் காயேல்லை. கட்டியிலை ரெண்டு போடு பிள்ளை."

போட்டேன். கட்டி மெழுகு போல உருகி, சட்டென்று தீப்பிடித்தது. கன்னங்கரேலென்று புகை கிளம்பியது. பிள்ளை வீரிட்டாள். அம்மா அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். பிள்ளையின் மூக்கடியெல்லாம் கரி.

"என்ன கோதாரியைக் கொண்டுவந்தனீங்கள்?" என்று இவர்மேல் பாய்ந்தேன்.

"அந்தாள் கலப்படம் செய்யிற ஆளில்லையப்பா."

அப்போது படலையடியில் சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. கடைக்காரர்தான். சட்டைகூடப் போடாமல் ஓடி வந்திருந்தார்.

"எரிச்சுப்போட்டியளோ? அது சாம்பிராணி இல்லை! இப்பதான் கூரையைக் கிளப்பினனாங்கள். அடியிலை குண்டு கிடக்குது. வெடிக்கேல்லை, பிளந்துபோய்க் கிடக்குது. உந்தக் கட்டியெல்லாம் அதுக்குள்ளை இருந்த வெடிமருந்து. சாம்பிராணித் தூளுக்குள்ளை கலந்து கிடந்ததாலை மணத்தை நம்பிப்போட்டன்."

இவர் முற்றத்து மண்ணை அள்ளித் தூபக்காலில் கொட்டினார். எங்கள் தலையில் போட்ட குண்டை என் கையாலேயே நெருப்பில் போட்டு, பெற்ற பிள்ளைக்குப் புகை காட்டியிருக்கிறேன். பிள்ளை அழுதுகொண்டே இருந்தாள். அந்த அழுகைதான் எனக்கு ஆறுதல்.

வாய்க்கு வந்தபடி ஏசுவதற்குத் திரும்பினேன். கடைக்காரர் அதற்குள் சைக்கிளை நிமிர்த்திவிட்டார்.

"நில்லுங்கோ, எங்கை ஓடுறியள்?"

"இன்னும் நாலைஞ்சு பிள்ளைப்பெத்த வீட்டுக்குக் குடுத்திட்டன், தங்கச்சி. எல்லாரும் முழுகவார்க்கிற நேரம்."